வராதவனுக்கு மரத்தடி

வராதவன் ஆள் மரத்தடியில் உட்கார்ந்திருப்பான், அவனுக்கு ஒன்றும் நேராது என்பது எங்கள் மேசையில் கடைசியாக ஏற்பட்ட விதி. மற்ற விதிகள் எல்லாம் சண்டையில் பிறந்தவை. இது ஒன்றுதான் யாரும் குரலை உயர்த்தாமல், டீ ஆறுவதற்குள் பிறந்தது.

அந்த மேசை தூத்துக்குடியில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில், நாங்கள் அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிட்ட காதர் மீரான் பார்த்துவந்த ஐஸ் கம்பெனியின் மேல்மாடியில் கிடந்தது. கீழே இரவும் பகலும் ஐஸ் உறைந்துகொண்டிருந்ததால், சித்திரை வெயிலில் ஊரே கொதித்தாலும் எங்கள் உள்ளங்கால் மட்டும் ஜில்லென்று இருக்கும், ஐஸ் உடைக்கிற சத்தம் தரை வழியாக முழங்கால் வரை ஏறும், அந்தக் குளிரிலும் சத்தத்திலும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் நாங்கள் நான்கு பேரும் எங்களுக்குத் தெரியாத ஒரு நாட்டில் நடந்துகொண்டிருப்போம்.

விளையாட்டைக் கொண்டுவந்தவர் ரெமிஜியுஸ் மோத்தா. வெளிநாட்டுக் கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிறவராக இருந்தபோது, ஆன்ட்வெர்ப்பில் ஒரு பழைய சாமான் சந்தையில், தாயம் மாதிரி ஏதோ என்று நினைத்து ஒரு பெட்டியை வாங்கிவிட்டார். திறந்தால் இருபது முகம் கொண்ட ஒரு பகடையும் ஒரு இங்கிலீஷ் புத்தகமும் இருந்தன. வருகிற வழியில் உப்புத்தண்ணீர் ஏறி, புத்தகத்தில் முக்கால்வாசிப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஒட்டாத பக்கங்களை எழுத்துக்கூட்டிப் படித்ததில் எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒருவர் கதை சொல்ல வேண்டும், மற்றவர்கள் ஆளுக்கொரு ஆளாகக் கதைக்குள் இறங்க வேண்டும், தன் ஆள் என்ன செய்கிறான் என்பதை வாயால் சொல்ல வேண்டும், முடியுமா முடியாதா என்று சந்தேகம் வந்தால் பகடையை உருட்ட வேண்டும். மீதி எல்லாம் ஒட்டிக்கொண்ட பக்கங்களில் இருந்தது. அதனால் மீதியை நாங்களே செய்துகொண்டோம்.

கதை சொன்னவர் அமலதாஸ். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய்த்தோணி ஓட்டிய தண்டல் அவர்; தோணிக்குத் தலைவரைத் தண்டல் என்போம். ஒரு கால் நசுங்கி, கரையில் உட்கார்ந்த பிறகும் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, கதையையும் அவர் தோணி மாதிரிதான் ஓட்டினார். காக்காவின் ஆள் மந்திரம் தெரிந்த கிழவன். ரெமிஜியுஸின் ஆள் கோடாலி ஏந்திய வீரன், இரும்புச் சட்டையும் செந்தாடியும் உள்ளவன். புத்தகத்துப் படத்தில் அவன் தோளில் பனி கிடந்ததால், எங்கள் ஊர்ப் பனிமய மாதாவை நினைத்து அவனுக்குப் பனிமயம் என்று பேர் வைத்தார். என் ஆள் விளக்குத் தூக்குகிறவன். நான் துறைமுகத்தில் கப்பலுக்கு ஏறுகிற மூட்டைகளை எண்ணுகிற வேலையில் இருந்தேன், அதனாலோ என்னவோ, குகைக்குள் எத்தனை பேர் போனோம், எத்தனை பேர் வெளியே வந்தோம் என்று என் ஆளும் எண்ணிக்கொண்டே இருப்பான்.

பகடை காக்கா வீட்டு எவர்சில்வர் தட்டுக்குள்தான் விழ வேண்டும், வெளியே விழுந்தால் செல்லாது. ஒருவன் ஆளை இன்னொருவன் ஆட்டக் கூடாது, அவனே வாயால் கொடுத்தால் தவிர. தண்டல் யாருக்கும் இரங்கக் கூடாது. காக்காவின் கிழவன் கிணற்றில் விழுந்தபோது இரங்கச் சொல்லி காக்கா கெஞ்ச, தண்டல் இரங்காமல் இருக்க, பெருநாள் பிரியாணிகூட அந்த வருஷம் தண்டல் வீட்டுக்குப் போகவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி இருந்தது: ஒருவர் சொன்னதை மற்ற எல்லாரும் ‘ஆச்சு’ என்று சொன்னால்தான் அது நடந்தது. ஒரே ஒருவர் சொல்லாவிட்டாலும் சொன்னது அந்தரத்தில் நிற்கும். கீழே விழாது, கலைந்தும் போகாது.

கடைசி விதி எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது வந்தது. நான் படுத்துக்கிடந்த ஞாயிற்றுக்கிழமை, விளக்குக்காரனை என்ன செய்வது என்று பேச்சு வந்ததாம்.

“தவசி ஆள மரத்தடியில உக்கார வைங்கவே” என்றாராம் ரெமிஜியுஸ். “படுத்துக் கெடக்கவன வச்சு நாம ஆடப்பிடாது. அவனுக்குப் பசிக்காது, அடி படாது, ஒண்ணும் நேராது. நாம பாட்டுக்குப் போவோம். வந்தான்னா எந்திரிச்சு ஓடி வந்து சேந்துக்கிடுவான்.”

ஆச்சு என்றார் தண்டல். ஆச்சு என்றார் காக்கா. நான் தேறி வந்தபோது என் ஆள் ஒரு கீறல்கூட இல்லாமல் எழுந்து ஓடி அவர்களைப் பிடித்துக்கொண்டான்.

சில வருஷம் கழித்து, கப்பல் வேலை இல்லாமல் ரெமிஜியுஸ் மாலத்தீவுக்கு வெங்காயமும் ஜல்லியும் ஏற்றிப் போகிற தோணியில் ஏறினார். கிளம்புவதற்கு முந்தின நாள் ஞாயிறு. ஆட்டம் முடிந்து, செருப்பை மாட்டிக்கொண்டே, “நான் வர முடியலன்னா பனிமயத்த எங்க வீட்டுக்காரிகிட்ட குடுத்திருங்க. அவ சொன்னாத்தான் அந்தப் பய கேப்பான்” என்றார்.

நாங்கள் சிரித்தோம். அவர் மனைவி, எங்களுக்கு அண்ணி முறையான பெர்பெத்து மைனிக்கு எங்கள் விளையாட்டு ஆகவே ஆகாது. பகடையை அடுப்பில் போடுவேன் என்று சொன்னவர். சிரித்துக்கொண்டே தண்டல் ஆச்சு என்றார், சிரித்துக்கொண்டே நானும் ஆச்சு என்றேன். காக்கா மட்டும் சொல்லவில்லை.

“போவே” என்றார். “ஒழுங்கா வந்து சேரு. அதுக்கெல்லாம் நான் சொல்ல மாட்டேன்.”

தோணி மாலத்தீவுக்குப் போய்ச் சேரவில்லை, திரும்பியும் வரவில்லை. தேடப் போன தோணிகள் ஒரு பலகையைக்கூடக் காணாமல் திரும்பின. வர வேண்டிய ஞாயிறு வந்தது, நாற்காலி காலியாக இருந்தது, தண்டல் எங்கள் முகத்தைப் பார்க்காமல், “பனிமயம் மரத்தடியில” என்றார், நாங்கள் ஆச்சு என்றோம்.

மறுநாள் காலை ஐஸ் வாங்க வந்த மீன்காரப் பெண்கள், கம்பெனி வாசலில் நிற்கிற பூவரசின் அடியில் இரும்புச் சட்டை போட்ட ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள். முதுகு மரத்தில் சாய்ந்திருந்தது, கோடாலி மடியில் கிடந்தது, செந்தாடி மார்பு வரை தொங்கியது, இடது தோளில் ஒரு பிடி பனி உருகாமல் இருந்தது.

“காக்கா, வாசல்ல ஒருத்தன் உக்காந்திருக்கான்” என்று வந்து சொன்னார்கள்.

காக்கா இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு, “நம்ம ஆளுதான். கூடைய அந்தப் பக்கம் வையிங்க” என்றார்.

இரண்டாம் நாளே பெண்கள் கூடையை இந்தப் பக்கம் வைத்தார்கள், ஏனென்றால் அவன் பக்கத்தில் வைத்த மீன் மாலை வரை வாடவில்லை. ‘காக்கா ஐஸைவிட இவர் ஐஸ் நல்ல ஐஸ்’ என்று அவர்கள் காக்காவின் காதுபடச் சொன்னார்கள், காக்காவும் அவர்களுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார். போலீஸ் ஏட்டு வந்து பேர், ஊர், தகப்பன் பேர் கேட்டார், பதில் வராததால் ‘உட்கார்ந்திருக்கிறார்’ என்று எழுதிக்கொண்டு போனார். எதிர்த்த டீக்கடை பவுல்ராஜ் தினமும் காலையில் ஒரு கிளாஸ் டீ கொண்டுவந்து வைத்தார், சாயங்காலம் அதை அப்படியே எடுத்துப் பூவரசுக்கு ஊற்றினார், மரம் டீ குடித்து நன்றாகத் தழைத்தது. தண்ணீர் லாரி ஒன்று பின்னால் வந்து அவன் மேல் இடித்தது. லாரிக்குப் பின்பக்கம் நசுங்கியது, டிரைவர் இறங்கி வந்து அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். மழை அவனை நனைக்கவில்லை, காக்கை அவன் தலையில் உட்காரவில்லை. தேர்தல் வந்தபோது கட்சிக்காரர்கள் ஆளுக்கொரு துண்டு கொண்டுவந்து போர்த்தினார்கள், எல்லாக் கட்சித் துண்டும் ஒரே மாதிரி வழுக்கிக் கீழே விழுந்தது, அதைப் பார்த்து ஊர் அவனை நியாயமான மனுசன் என்று சொல்லத் தொடங்கியது. யாரோ மெழுகுவத்தி ஏற்றியதைக் கேள்விப்பட்டுப் பங்குச் சாமியார் வந்து பார்த்தார். “இவர் புனிதர் இல்லை, விளையாட்டு வீரர்” என்று கோயிலில் சொன்னார், அன்றோடு மெழுகுவத்தி நின்றது. பிள்ளைகள் ஒளிந்து விளையாடும்போது அவன் முழங்காலில் முகத்தைப் புதைத்துத்தான் எண்ணுவார்கள், கன்னம் சில்லிட்டு வருவதால் அந்தத் தெருப் பிள்ளைகள் வேகமாக எண்ணப் பழகிக்கொண்டார்கள். வெளியூரிலிருந்து பெண் பார்க்க வருகிறவர்களுக்கு, ஐஸ் கம்பெனியில் உட்கார்ந்திருப்பவரைத் தாண்டி இடது பக்கம் திரும்புங்கள் என்று வழி சொன்னார்கள். அவன் எப்படி வந்தான் என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. யாருக்காக உட்கார்ந்திருக்கிறான் என்பதுதான் எல்லாருக்கும் தெரிந்திருந்ததே.

பெர்பெத்து மைனிக்கும் தெரிந்திருந்தது. முதல் வாரம் அவர் வந்து கொஞ்ச தூரத்தில் நின்று பார்த்தார். பிறகு மாடி ஏறி வராமல், கீழேயே நின்றுகொண்டு, “அந்த மரத்தடிக்கு என்ன சட்டம்?” என்று கேட்டார். காக்கா சொன்னார். வராதவனுக்கு ஒன்றும் நேராது என்ற இடத்தில் மைனி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் வெள்ளைச் சேலை உடுத்தச் சொன்ன உறவுக்காரர்களை அவர் வாசலோடு அனுப்பினார், ஆன்ம இளைப்பாற்றிப் பூசை வைக்கலாமா என்று கேட்ட சாமியாரிடம், உட்கார்ந்திருக்கிற மனுசனுக்கு எதற்குப் பூசை என்றார், தோணியின் சொந்தக்காரர் ரெமிஜியுஸ் இறந்ததாகக் கையெழுத்துக் கேட்டு வந்தபோது அவரைப் பூவரசுக்குக் கூட்டிப்போய், இவரைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

நாங்கள் செய்தது இன்னொன்று. இப்படி ஒன்றை எங்களைப்போல் விதி பார்க்கிறவர்கள்தான் செய்வார்கள்.

“ஆட்டம் நடந்தா கத முன்னால போயிரும்” என்றார் காக்கா. “அவன் எங்கனு தேடி வந்து சேருவான்? நிப்பாட்டுவோம். விட்ட எடத்துலயே நிக்கட்டும்.”

ஆச்சு என்றோம். காக்கா அறையைப் பூட்டினார். தட்டும் பகடையும் உள்ளே இருந்தன, காக்காவின் கிழவனும் என் விளக்குக்காரனும் ஒரு ஆற்றைத் தாண்டுகிற இடத்தில், முழங்கால் தண்ணீரில், ஆளுக்கொரு காலைத் தூக்கியபடி நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பவுல்ராஜ் கடையில் உட்கார்ந்து, எதிரில் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்துக்கொண்டு டீ குடித்தோம். தண்டலுக்குக் கதை தொண்டையில் அடைத்துக்கொண்டது, சும்மா இருந்தாலும் இருமினார். எனக்கு உள்ளங்கால் சூடு தாங்கவில்லை. இப்படி ஏழு வருஷம் போனது.

பிறகு துறைமுகச் சாலையை அகலப்படுத்த நகராட்சி முடிவெடுத்தது. பூவரசின் மேல் சிவப்புப் பெயிண்டால் ஒரு குறுக்குக்கோடு போட்டார்கள், திங்கட்கிழமை ரம்பம் வரும் என்றார்கள். அந்த வீரனை என்ன செய்வது என்று ஊர்க்காரர்கள் கேட்டதற்கு, மரம்தான் எங்கள் கணக்கில் வருகிறது, அவர் உட்காருவதும் போவதும் அவர் இஷ்டம் என்று இன்ஜினியர் மரியாதையாகவே சொன்னார்.

ஊர் மனுக் கொடுக்கக் கிளம்பியது. மீன்காரப் பெண்கள் மரத்தைச் சுற்றி உட்காரப்போவதாகச் சொன்னார்கள். ஆனால் எங்கள் மூன்று பேருக்கும் பயம் வேறு மாதிரி இருந்தது. விதி மரத்தடி என்றுதான் சொன்னது. மரம் இல்லாவிட்டால் ஒன்றும் நேராது என்பது யாருக்குச் செல்லும்? கதையில் வேறொரு மரத்தைச் சொல்லி அவனை அங்கே மாற்றலாம் என்றால், வராதவன் ஆளைத் தொடக் கூடாது. தண்டல் இரவெல்லாம் யோசித்துவிட்டு வந்து, “வழியே இல்லவே” என்றார்.

ஞாயிறு பிற்பகல் பெர்பெத்து மைனி ஐஸ் கம்பெனிக்கு வந்தார். கீழே நிற்காமல் படியேறினார், பூட்டிய அறை வாசலில் நின்றுகொண்டு எங்களைக் கூப்பிட்டனுப்பினார்.

“தொறங்க” என்றார்.

“மைனி, மரத்துக்கு மனு…” என்று ஆரம்பித்தார் காக்கா.

“மரத்தக் காப்பாத்தி என்ன செய்ய? நானும் எத்தன வருசமா ஒரு மனுசன உக்கார வச்சிருக்கேன். இடுப்பு வலிக்காதா அவியளுக்கு?” என்றார் மைனி. “நீங்க ஆடுனாத்தான வந்து சேருவாவ? நீங்க பூட்டிட்டுப் போய் டீ குடிச்சா, வாரவிய யாருகிட்ட வருவாவ?”

நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். நாம் பாட்டுக்குப் போவோம் என்பதையும் சேர்த்துத்தான் ரெமிஜியுஸ் அன்றைக்குச் சொல்லியிருந்தார், நாங்கள் பாதி விதியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தோம்.

காக்கா கதவைத் திறந்தார். தட்டில் தூசி கிடந்தது. மைனி முந்தானையால் துடைத்துவிட்டு, காலி நாற்காலியில் உட்கார்ந்தார்.

“போறதுக்கு மொத நாளு என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாவ. பனிமயத்த ஒனக்கு எழுதி வச்சிருக்கேன், ரெண்டு ஆச்சு கெடச்சிருக்கு, காக்காதான் பாக்கின்னு. நான் போங்க ஒங்க வெளாட்டும் நீங்களும்னு ஏசுனேன். மறுநா காலையில சாப்பிடாமலே போயிட்டாவ.”

சொன்னது இத்தனை வருஷமும் அந்த அறையில், எங்கள் தலைக்கு மேலே, அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. தண்டலும் நானும் காக்காவைப் பார்த்தோம்.

காக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “மைனி, நான் சொல்லிட்டா அவன் வராதவன் இல்ல. ஆளக் குடுத்துட்டுப் போனவன். பொறவு அவனுக்கு என்னமும் நேரலாம்” என்றார். “நேர்ந்ததுன்னும் ஆயிரலாம்.”

“தெரியும் காக்கா.”

“நான் ஒழுங்கா வந்து சேருன்னு சொன்னேன்.”

“அவியளும் கேட்டிருப்பாவ. முடிஞ்சா வந்திருக்க மாட்டாவளா?”

கீழே ஐஸ் உடைகிற சத்தம் வந்தது. காக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி, “ஆச்சு” என்றார்.

தண்டல் இருமல் இல்லாமல் தொண்டையைச் செருமினார். “பனிமயம் மரத்தடியில உக்காந்திருக்கான். என்ன செய்தான்?”

“எந்திரிக்காவ” என்றார் மைனி.

“ரொம்ப நாளு உக்காந்த காலு. உருட்டணும்.”

“இதுக்குமா?” என்றேன் நான்.

“எதுக்கும்” என்றார் தண்டல். தட்டை மைனி பக்கம் தள்ளினார், இரங்கவில்லை.

மைனி உருட்டியது தட்டைத் தாண்டித் தரையில் போய் விழுந்தது. பதினெட்டு என்று காட்டியது. மைனியே குனிந்து எடுத்து, “வெளிய விழுந்தா செல்லாதுல்ல” என்று மறுபடி உருட்டினார். மூன்று விழுந்தது.

“எந்திரிச்சான், ஆனா தடுமாறிட்டான்” என்றார் தண்டல். “மரத்தப் புடிச்சுக்கிட்டான். கோடாலியத் தூக்கத் தெம்பில்ல. அத அங்கனயே விட்டுட்டான்.”

“கெடக்கட்டும். இனி அது எதுக்கு?” என்றார் மைனி.

ஆச்சு, ஆச்சு, ஆச்சு.

ஜன்னல் வழியாகப் பார்த்தோம். பூவரசின் கீழே அவன் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான், உட்கார்ந்திருந்தபோது நினைத்ததைவிட உயரமாக இருந்தான். பவுல்ராஜ் டீ ஆற்றிக்கொண்டிருந்த கையோடு நின்றார். ஏட்டு சைக்கிளிலிருந்து இறங்கி சல்யூட் வைத்தார். பிள்ளைகள் எண்ணுவதை நிறுத்தினார்கள்.

“இப்ப?” என்றார் தண்டல்.

“வீட்டுக்கு வாராவ. கதவு சும்மா சாத்தித்தான் கெடக்கு. சாப்பிடுதாவ.”

“என்ன சாப்பாடு?” சொல்லுகிறது எதுவாக இருந்தாலும் தண்டல் இப்படித்தான் கேட்பார், மொட்டையாகச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

“சோறு. சாள மீன் கொழம்பு, மாங்கா போட்டது. காலையிலயே வச்சு மூடிட்டு வந்தேன். ரெண்டாந்தரம் சோறு கேக்காவ.”

நாங்கள் ஆச்சு என்றோம். அவன் தெருவில் இறங்கி நடந்தான், மீன்காரப் பெண்கள் கூடைகளை ஒதுக்கி வழி விட்டார்கள், அவன் கடந்துபோன வீடுகளில் எல்லாம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டார்கள், சாலையில் அன்று மட்டும் வெயில் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது போல் இருந்தது. மைனி எழுந்து ஓடிவிடுவார் என்று நினைத்தேன். ஆட்டத்தின் நடுவில் எழுந்திருக்கக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, ஆனாலும் இரண்டு கையையும் மேசை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“சாப்பிட்டாச்சு” என்றார் தண்டல் வெகுநேரம் கழித்து. “பொறவு?”

மைனி பகடையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். என் ஆள் எண்ணுவது போல நான் அந்த அறையில் இருந்தவர்களை எண்ணினேன். ஐந்து வந்தது, பிறகு நான்கு வந்தது.

“பொறவு கடலுக்குப் போறாவ” என்றார்.

அதற்கு உருட்ட வேண்டும் என்று தண்டல் சொல்லவில்லை. அதில் முடியுமா முடியாதா என்ற சந்தேகம் இல்லை. அவர் முதலில் சொன்னார், அடுத்து நான் சொன்னேன், கடைசியாகக் காக்கா, இந்தத் தடவை மைனியின் முகத்தைப் பார்த்து, “ஆச்சு” என்றார்.

மாலையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் அவன் அலைக்குள் இறங்கியதைப் பார்த்தார்கள். கழுத்து வரை போனதும் ஒருமுறை ஊரைத் திரும்பிப் பார்த்தானாம். மைனி வீட்டுக்குப் போனபோது குழம்புச்சட்டி வழித்திருந்தது, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்ப்பது கப்பலில் படிந்த பழக்கம், அந்தத் தெருவில் ரெமிஜியுஸுக்கு மட்டும்தான் இருந்தது. உட்கார்ந்த இடத்தில் கொஞ்சம் பனித்தண்ணீர் தேங்கியிருந்தது. மைனி அதைத் துடைக்காமல் தானாகக் காயவிட்டார்.

திங்கட்கிழமை பூவரசு விழுந்தது. புதன்கிழமை கோயிலில் பூசை நடந்தது, மைனி வெள்ளைச் சேலையில் வந்தார், ஐஸ் கம்பெனிக்கு அன்று விடுமுறை. கோடாலியைக் காக்கா உள்ளே எடுத்துவைத்தார். இன்றைக்கும் அங்கே பெரிய கட்டிகளை அதை வைத்துத்தான் உடைக்கிறார்கள், அது வெட்டிய ஐஸ் ராமேஸ்வரம் போய்ச் சேரும் வரை கரைவதில்லை என்று லாரிக்காரர்கள் சொல்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு நாங்கள் மூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஆட்கள் இன்னும் ஆற்றில் காலைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பெர்பெத்து மைனி ஒரு ஃபிளாஸ்க்கோடு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“வருவீங்கன்னு நெனைக்கல மைனி” என்றார் தண்டல்.

“வராம? மரத்தத்தான் வெட்டிட்டாவளே. இனி வராதவிய எங்க போய் உக்காருவாவ?” என்றார் மைனி. “எனக்கும் ஒரு ஆளு குடுங்க. பொம்பள ஆளு. நீச்சல் தெரிஞ்சவ.”

மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஆச்சு என்றோம்.

அதற்கப்புறம் எங்கள் மேசைக்கு ஒரு ஞாயிறும் யாரும் வராமல் இருந்ததில்லை. தண்டல் ஒரு செவ்வாய்க்கிழமை இறந்தார், காக்கா ஒரு வியாழக்கிழமை. இரண்டு பேரும் அதற்கு முந்தின ஞாயிறு படியேறி வந்து, தண்டல் கதையை என்னிடமும், காக்கா தன் கிழவனை மைனியிடமும் வாயால் கொடுத்து, எல்லாருடைய ஆச்சும் வாங்கிக்கொண்டுதான் போனார்கள். இப்போது கதையை நான்தான் ஓட்டுகிறேன், என் விளக்கையும் மைனியின் நீச்சல்காரிதான் தூக்குகிறாள். தண்டல் மாதிரி எனக்குக் கதை வராது, குரலும் கேட்காது. ஆனால் இரங்குவதில்லை.

இன்று ஞாயிறு. தட்டைத் துடைத்து வைத்துவிட்டேன், உள்ளங்கால் ஜில்லென்று இருக்கிறது. மைனிக்கு முழங்கால் சரியில்லை, ஒவ்வொரு படியிலும் நின்று நின்றுதான் ஏறுகிறார்.